ஆரோட போகுது நிலவு

நாலு வயதில் ஆரபி
ஸ்கூட்டியில் எனக்கு முன்னால் நின்றபடி
பண்ணைப் பாலத்தில் வைத்துச் சொன்னாள்:
"அம்மா, நிலவு எங்களோட வருது."
ஏனாம்?
"தனிய வேலணைக்குப் போக அதுக்குப் பயம்."
நாங்கள் மெதுவாய்ப் போனால்
அதுவும் மெதுவாய் வருமாம்.
மெதுவாகப் போய்ப் பார்த்தேன்.
வந்தது.

ஐந்தில் ஒரு சண்டை.
இரண்டு கிளாசில் சரிசமனாய் நெல்லி ரசம்.
அவளுடையதை அகலக் கிண்ணத்துக்கு மாற்றினேன்,
அவள் கண் முன்னால்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
"எனக்குக் குறைச்சுப் போட்டீங்கள்!"
கிளாசில் திருப்பி ஊற்றினேன். "இப்ப சரி."
மறுபடி கிண்ணம். மறுபடி அழுகை.

ஏழு பிறக்க ஒரு மாதம் இருக்கையில்
அதே கிண்ணத்தை எடுத்தேன்.
"விசரே அம்மா? பாத்திரம் மாத்தினால் கூடுமோ?"
முன்பு இதற்குத்தான் அழுதாய் என்றேன்.
"நான் அழேல்லை."
சத்தியம் பண்ணினாள்.
அழுத பிள்ளை
எந்த இரவில் எழும்பிப் போனதென்று
எனக்கும் தெரியாது.

எட்டில் பரிசோதனை.
கலியாண வீடு முடிந்து
பிரவீணன் தகப்பனோடு பருத்தித்துறைப் பக்கம்,
நாங்கள் தீவுப் பக்கம்.
பாலத்தில் ஏறியதும் என் போனைப் பறித்தாள்.
"அண்ணா, மேல பார். உன்னோட வருதோ?"
"ஓம், வருது."
"நிண்டு போச்சோ, வருதோ? வடிவாப் பார்."
"வருதடி."
பாலம் முடியுமட்டும் அவள் கதைக்கவில்லை.
இரண்டு பக்கமும் கடல்,
இறால் பட்டிகளின் தடிகள்,
முதுகில் உப்புக் காற்று.
மண்டைதீவுச் சந்தியில் சொன்னாள்:
"அப்பிடியெண்டால் அது
ஒருத்தரோடயும் வரேல்லை."
சொல்லிவிட்டு
என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்றில் அவர் போனார்.
ஒரு பைதான் கொண்டுவரலாம் என்றானாம் ஏஜென்சிக்காரன்.
பெரிய சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தது,
மூன்று இலக்கப் பூட்டோடு.
எனக்கு அவருடைய நினைவில் தேடத்தான் தெரியும்:
பிறந்த நாள், கலியாண நாள்,
வாடகை வீட்டு இலக்கம்.
ஒன்றும் திறக்கவில்லை.
அவளுக்குப் பன்னிரண்டு நடந்தது.
"ஆயிரம்தானே அம்மா இருக்கு.
ஒண்டுக்கு ரெண்டு செக்கன்.
கூடினால் அரை மணித்தியாலம்."
பூச்சியம் பூச்சியம் பூச்சியத்தில் தொடங்கினாள்.
நான் உப்புமா கிண்டி முடிக்கமுன்
நானூற்றுப் பன்னிரண்டில் பூட்டு விட்டது.
உள்ளே குளிர் ஜக்கெட்.
விலைத் துண்டும் கழற்றாமல்.
அதை நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு சூட்கேசை மூடி
இலக்கங்களை வேண்டுமென்றே குழப்பிவிட்டாள்.

இப்போது பதின்மூன்று.
ஒவ்வொரு ஞாயிறும் இரவு எட்டுக்கு அவர் எடுப்பார்.
போன கிழமை வைத்த பிறகு
கொப்பிக்கு உறை போட்டபடி,
என்னைப் பாராமல்:
"கனடாவில இப்ப காலமை ஒன்பதரை.
அப்பாவின்ர ஜன்னல் கறுப்பு."
கத்தரிக்கோல்.
"ஜக்கெட் இஞ்ச கிடக்கு."
பசை.
"அவர் கதைக்கேக்க பல்லி சொன்னது.
மாசிப் பனியில எங்கயம்மா பல்லி?"

'ஆனபடியால்' என்ற சொல்லை மட்டும்
அவள் சொல்லவில்லை.
இரண்டு வருடமாய் நான் அடுக்கிய பொய்
மேசையில் கிடந்தது,
உறை போட்ட கொப்பிகளுக்குப் பக்கத்தில்.
கோலாலம்பூரில் ஒரு அறை,
ஆறு பேர், ஒரு காற்றாடி.
சொல்ல வாய் எடுத்தேன்.
"மற்றக் கொப்பியைத் தாங்கோ" என்றாள்.

இன்று ஞாயிறு.
அவள்தான் போனை எடுத்தாள்.
"அப்பா, அங்க பனியோ?"
"ஓம் பிள்ளை, கொட்டோ கொட்டெண்டு கொட்டுது."
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"கவனமா நடவுங்கோ அப்பா.
வழுக்கும்."

பல்லி சொன்னது.
எங்கள் சுவரிலா
அவர் சுவரிலா,
பிடிபடவில்லை.